மாய் மோ: தெருவில் குங்ஃபூ காட்டிப் பிழைத்தவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாங்காங் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி அத்துப்படி. சந்தை நடுவே சேகண்டி ஒலிக்கும். சட்டையில்லாத ஒருவர் தொண்டையில் ஈட்டி முனையை வைத்து அழுத்தி, கம்பை வில்லாக வளைப்பார். ஒரு சின்னப் பெண் அதே சேகண்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காசு கேட்டு வருவாள். அப்புறம் ஊர் ரவுடி வந்து அதைத் தட்டிவிடுவான். நாயகன் உள்ளே நுழைய வேண்டிய நேரம் அது. படத்துக்கு வெளியே இந்தத் தொழில் எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

மாய் மோ என்றால் என்ன?

கான்டனீஸ் மொழியில் 'மாய்' என்றால் விற்பது, 'மோ' என்றால் போர்க்கலை. தெருவிலோ சந்தையிலோ கோயில் வாசலிலோ குத்து, கம்பு, வாள், உடல்பலம் ஆகியவற்றைக் காட்டிக் கூட்டத்திடம் காசு வாங்குவதற்கு இந்தப் பெயர். மாண்டரினில் 'மாய் யீ' என்று ஒரு சொல் உண்டு. அது பாட்டு, செப்படிவித்தை, கழைக்கூத்து என்று தெருவில் காட்டும் எல்லாக் கலைக்கும் பொது. மாய் மோ குங்ஃபூவுக்கு மட்டும். குவாங்டுங் மாகாணம், ஹாங்காங், மக்காவ், பிறகு அங்கிருந்து கப்பலேறியவர்கள் குடியேறிய மலாயா, சிங்கப்பூர் என்று இந்தச் சொல் புழங்கிய இடமெல்லாம் இந்தத் தொழிலும் இருந்தது.

இதில் எவ்வளவு காசு வந்துவிடும்? வெறும் சில்லறையை நம்பியா வாழ்ந்தார்கள்?

சில்லறையை நம்பி இல்லை, மருந்தை நம்பி. படங்கள் சரியாகக் காட்டாத விஷயம் இதுதான். தட்டில் விழும் காசு அன்றைய சோற்றுக்குப் போதுமானால் அதிர்ஷ்டம். உண்மையான வியாபாரம், ஆட்டம் முடிகிற நேரத்தில் பெட்டியிலிருந்து வெளியே வரும் மருந்துப் புட்டிகளும் பிளாஸ்திரிகளும்தான்.

அடிபட்ட இடத்தில் தேய்க்கும் 'திட் தா' தைலம், வீக்கத்துக்கு ஒட்டும் கறுப்புப் பிளாஸ்திரி, பலம் தரும் உருண்டைகள் ஆகிய மூன்றும்தான் வழக்கமான சரக்கு. சுமை தூக்குபவர், படகு தள்ளுபவர், கொல்லர், தச்சர் ஆகியோர்தான் பெரும்பாலும் கூட்டம். முதுகுவலியும் சுளுக்கும் இல்லாத ஆள் அதில் யார்? மார்பில் கல்லை உடைத்தும் எழுந்து நிற்கிற ஒருவர், 'அடிபட்டால் நானே இதைத்தான் போடுகிறேன்' என்று சொன்னால் அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டாம். குங்ஃபூவைப் பார்க்கக் காசு வேண்டாம், தைலத்துக்குத்தான் விலை. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் ஆட்டத்தின் மற்ற எல்லாமே புரியும்: ஏன் இவ்வளவு பேச்சு, ஏன் சண்டையைவிட உடல்பல வித்தைகள் அதிகம், ஏன் கடைசி வித்தை எப்போதும் தள்ளிப்போகிறது என்பதெல்லாம்.

ஒரு ஆட்டம் எப்படி நடக்கும்?

முதலில் இடம் பிடிக்க வேண்டும். சேகண்டியும் முரசும் முழங்கும். நாலு பேர் நின்றால் நாற்பது பேர் நிற்பார்கள். முதல் நாலு பேரைப் பிடிப்பதுதான் பாடு. வடக்கே, பெய்ஜிங்கின் தியென்சியாவ் திடலில், சிலர் வெள்ளை மணலைக் கைவிரல் இடுக்கில் விட்டுத் தரையில் எழுத்து வரைந்து ஆள் சேர்ப்பார்கள். தரையில் வட்டம் போடுவதற்கு அவர்கள் பரிபாஷையில் 'பானை வரைதல்' என்று பெயர். அந்த வட்டத்திலிருந்துதான் அன்றைய சோறு வரும்.

கூட்டம் நெருக்கினால் வட்டம் சுருங்கிவிடும். அதற்கும் வித்தையிலேயே வழி இருக்கிறது. கயிற்று நுனியில் கட்டிய இரும்புக் குண்டைச் சுழற்றிக்கொண்டே ஒரு சுற்று வந்தால் எல்லோரும் தானாகப் பின்வாங்குவார்கள். 'தள்ளி நில்லுங்கள்' என்று ஒருவரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு வணக்கம். வலது கையின் முஷ்டியை இடது உள்ளங்கையால் மூடி நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டு ஒரு பேச்சு. அதன் வரிகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றே: நான் உங்கள் ஊருக்குப் புதியவன், வீட்டில் இருந்தால் தாய் தகப்பன் துணை, வெளியே வந்தால் நண்பர்களே துணை, காசு இருப்பவர் காசு கொடுங்கள், இல்லாதவர் நின்று பார்த்துக் கூட்டம் சேருங்கள். கடைசி வரி வெறும் பணிவு இல்லை. காசு கொடுக்காமல் நிற்பவரும் கலைந்து போகாமல் இருந்தால்தான் கொடுக்கிறவரும் நிற்பார்.

அடுத்து ஒன்றிரண்டு குத்துவரிசை, கம்பு, இரட்டை வாள், இருவர் மோதல். சூடு ஏறியதும் பெரிய வித்தைக்கான ஏற்பாடு தொடங்கும். கல்பலகை வெளியே வரும், சம்மட்டி வெளியே வரும், ஒருவர் படுப்பார். அங்கே ஆட்டம் நின்றுவிடும். பேச்சு தொடரும். தட்டு சுற்றி வரும், மருந்து வெளியே வரும். எல்லாம் விற்றபின்தான் சம்மட்டி விழும். சில நாள் விழாமலே போவதும் உண்டு என்று கேலி செய்வார்கள்.

வடக்கே இந்தத் தொழிலில் ஒரு பழமொழி உண்டு: வெறும் வாய்ப்பேச்சு மட்டும் உள்ளவன் போலி வித்தைக்காரன், பேசாமல் வித்தை மட்டும் காட்டுகிறவன் முட்டாள் வித்தைக்காரன்.

ஒரு ஊரில் போய் இறங்கி உடனே ஆட ஆரம்பித்துவிடலாமா?

ஆரம்பிக்கலாம், அடிவாங்கத் தயாராக இருந்தால். ஊருக்குள் நுழைந்ததும் அந்த இடத்தைக் கையில் வைத்திருப்பவரை, அது குங்ஃபூ பள்ளி ஆசானோ, சந்தைத் தலைவரோ, ரகசியச் சங்கத்தின் ஆளோ, போய்ப் பார்த்து மரியாதை செய்ய வேண்டும். 'துறையை வணங்குதல்' என்பது இதற்கு அவர்கள் சொல்லும் பெயர். துறை என்றால் படகுத்துறை.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 'நீர்க்கரை' என்று நாம் சொல்லக்கூடிய ஷுய்ஹு ஜுவான் என்ற பழைய சீனப் பெருங்கதையில் அழகாகப் பார்க்கலாம். ஷுவே யொங் என்பவன் ஜியெயாங் ஊரில் கம்பு சுற்றிப் பிளாஸ்திரி விற்கிறான். தட்டை ஏந்திச் சுற்றி வருகிறான், ஒரு காசு விழவில்லை. மறுபடி சுற்றுகிறான், அப்போதும் இல்லை. கைதியாக அந்த வழியே போகிற சோங் ஜியாங் பரிதாபப்பட்டு ஐந்து தாயெல் (சீனர் வெள்ளியை நிறுக்கும் எடையளவு) வெள்ளி கொடுக்கிறார். உடனே ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, 'இவனுக்கு யாரும் காசு போடக்கூடாது என்று ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறேன், நீ யார் கொடுக்க?' என்று சண்டைக்கு நிற்கிறான். ஷுவே யொங் முதலில் அந்த ஊர்ப் பெரிய கையான மூ சகோதரர்களைப் போய்ப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் குற்றம். அன்றிரவு காசு கொடுத்த சோங் ஜியாங்குக்கே எந்தக் கடையிலும் சோறு கிடைக்கவில்லை.

இதே கதையில் இன்னொரு தெரு வித்தைக்காரன் லீ ஜோங். படை அதிகாரியான லூ தா அவனைக் குடிக்கக் கூப்பிடுகிறான். 'கொஞ்சம் பொறுங்கள், பிளாஸ்திரியை விற்றுக் காசை வாங்கிக்கொண்டு வருகிறேன்' என்கிறான் லீ ஜோங். லூ தா பொறுக்காமல் கூட்டத்தையே விரட்டிவிடுகிறான். பிறகு ஒரு ஏழைப் பெண்ணுக்கு உதவப் பணம் கேட்கும்போது லீ ஜோங் இரண்டு தாயெல் எடுக்கிறான். 'கை சுருங்கியவன்' என்று லூ தா அதைத் திருப்பி எறிகிறான். கதை லூ தாவின் பக்கம் நின்று சிரிக்கிறது. எனக்கு என்னவோ லீ ஜோங் மேல்தான் அனுதாபம். சம்பளக்காரனுக்கு என்ன தெரியும், செப்புக்காசு ஒவ்வொன்றாகச் சேர்த்த இரண்டு தாயெலின் எடை?

ஜியாங்ஹூ என்று படங்களில் அடிக்கடி சொல்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. 'ஆறுகளும் ஏரிகளும்' என்ற பொருளுள்ள ஜியாங்ஹூ, கான்டனீஸில் 'கொங் வூ', ஊர் ஊராக அலைந்து பிழைப்பவர்களின் உலகம். வாள்வீரர்கள் கூரைமேல் பறக்கும் மாய உலகமாக அதை ஆக்கியது கதைகள். நிஜத்தில் அதில் சோதிடர், நாட்டு மருந்து விற்பவர், செப்படிவித்தைக்காரர், கதை சொல்பவர், பாட்டுக்காரர், சூதாட்ட மோசடிக்காரர் எல்லோரும் அடக்கம். வடக்கின் பரிபாஷையில் இந்தத் தொழில்களை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மறைபெயர் வைத்திருந்தார்கள். போர்க்கலைக்காரர்களுக்கு 'குவா' என்று பெயர். நிஜமான திறமை 'கூர்', போலி 'கவிச்சி'. பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளருக்குப் புரியாமல் பேசிக்கொள்ள இது தேவைப்பட்டது.

எவ்வளவு பழைய தொழில் இது?

சோங் அரச காலத்திலேயே, அதாவது 11, 12-ஆம் நூற்றாண்டுகளில், கைஃபெங், ஹாங்சோ நகரங்களில் பெரிய கேளிக்கைத் திடல்கள் இருந்தன. மல்யுத்தமும் கம்பு வரிசையும் அங்கே காட்சிகள். அந்தத் திடல்களுக்குள் இடம் கிடைக்காதவர்கள் தெருமுனையிலும் காலி மனையிலும் ஆடினார்கள். 'லூ ச்சீ' ஆட்கள், வழி பிரிகிற இடத்து ஆட்கள், என்று அவர்களைக் குறித்திருக்கிறார்கள். கான்டன், அதாவது இன்றைய குவாங்சோ, பக்கத்து மாய் மோ பற்றிய கதைகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

மார்பில் கல் உடைப்பது ஏமாற்றா?

இல்லை. ஆனால் பார்ப்பவர் நினைக்கும் காரணத்தால் அது நடக்கவில்லை.

கல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பயம் என்று நமக்குத் தோன்றும். உண்மை தலைகீழ். கனமான கல்தான் படுத்திருப்பவரைக் காப்பாற்றுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 4 கிலோ சம்மட்டி, 76 கிலோ கல்பலகை. சம்மட்டி கல்லில் மோதி இரண்டும் ஒன்றாக நகர்கின்றன என்று வைத்துக்கொண்டால், சம்மட்டியின் இயக்க ஆற்றலில் 80-க்கு 4 பங்கு, அதாவது 5 சதவீதம்தான் கல்லின் அசைவாக மிஞ்சும். மீதி கல்லுக்குள்ளேயே விரிசலாகவும் வெப்பமாகவும் சத்தமாகவும் போய்விடும். அந்த 5 சதவீதமும் பலகையின் அகலம் முழுக்கப் பரவி இறங்கும். அதே சம்மட்டியை 4 கிலோ கல்லின் மேல் அடித்தால் பாதி ஆற்றல் உடம்பை நோக்கி வரும். சின்னக் கல்தான் ஆளைக் கொல்லும்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். 76 கிலோவை நெஞ்சில் தாங்கிக்கொண்டு மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கிப் படுப்பது எல்லோராலும் ஆகாது. சம்மட்டி அடிப்பவரின் குறியும் தவறக்கூடாது. எளிதில் பிளக்கும் கல்லாகப் பார்த்து எடுப்பதும் தொழில் அறிவுதான். இயற்பியல் தெரிந்துவிட்டது என்று யாரும் வீட்டில் முயல வேண்டாம். குறி தவறிய சம்மட்டிக்கும் முகத்தில் தெறிக்கும் சில்லுக்கும் எந்தச் சூத்திரமும் பதில் சொல்லாது.

தொண்டையில் ஈட்டி?

அந்த ஈட்டிக் கம்பு 'வெண்மெழுகுக் கம்பு' என்று சீனர் சொல்லும் ஒருவகை மரத்தால் ஆனது. நன்றாக வளையும், சட்டென்று ஒடியாது. நீளமான மெல்லிய கம்பை நுனியிலிருந்து அழுத்தினால் ஓரளவுக்கு மேல் அது பக்கவாட்டில் வளைந்துவிடும். வளையத் தொடங்கியபின் எவ்வளவு முன்னே நகர்ந்தாலும் நுனியில் அழுத்தம் பெரிதாக ஏறாது. பார்ப்பவருக்கோ வளைவு கூடக் கூட ஆபத்தும் கூடுவதாகத் தெரியும். முனை மழுங்கலாக இருக்கும். அதை வைக்கும் இடம் மிருதுவான குரல்வளை இல்லை, அதற்குக் கீழே மார்பெலும்பு தொடங்கும் பள்ளம். முனை ஒரு விரல்கடை வழுக்கினால் கதை வேறு. அதனால் இதையும் வெறும் தந்திரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இவர்களுக்கு நிஜமாகச் சண்டை போடத் தெரியுமா?

சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. இரண்டும் தெருவில் ஒரே மாதிரிதான் இருக்கும். மிங் காலத் தளபதி சீ ஜிகுவாங் (1528–1588), கடற்கொள்ளையரை எதிர்த்துப் படை திரட்டியவர், பார்க்க அழகாகச் சுழலும் 'பூப்போட்ட' வரிசைகள் போர்க்களத்தில் உதவாது என்று எழுதி வைத்திருக்கிறார். பள்ளி வைத்து நடத்திய ஆசான்களும் தெருவில் ஆடுபவர்களைக் கொஞ்சம் தாழ்வாகத்தான் பார்த்தார்கள். ஆனால் பள்ளி திறக்கக் காசு இல்லாத காலத்தில் அதே ஆசான்கள் தெருவில் நின்றிருக்கிறார்கள். அந்தத் தாழ்வுப் பார்வையை நான் அதிகம் மதிப்பதில்லை.

நிஜத் திறமை இருந்தாலும் அதைத் தெருவில் பெருமையடிப்பது உயிருக்கு ஆபத்து. ஷாண்டுங்கிலிருந்து ஷாங்காய் வந்த மா யொங்ஜென் இதற்கு உதாரணம். உடல்பலத்தால் பேர் வாங்கி, ஊரையே சவாலுக்கு அழைத்து, குதிரை வியாபாரிகளைப் பகைத்துக்கொண்ட அவரை 1879-இல் ஒரு தேநீர்க் கடையில் கும்பலாகச் சூழ்ந்து வெட்டிவிட்டார்கள்.

இன்னொரு ஊர் வழக்கம்: ஹெபெய் மாகாணத்து சாங்சோவில் வீட்டுக்கு வீடு போர்க்கலை தெரிந்தவர்கள். சரக்குக் காவல் வண்டிகள் மற்ற ஊர்களில் தங்கள் நிறுவனத்தின் பெயரைக் கூவிக்கொண்டு போகும். சாங்சோ வந்தால் வாயை மூடிக்கொண்டு கடந்துவிடும். காவல்காரனே அடக்கி வாசித்த ஊரில் தெரு வித்தைக்காரன் எவ்வளவு அடங்கியிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

வோங் ஃபெய்-ஹுங் தெருவில் ஆடியவர் என்பது உண்மையா?

ஆமாம், சிறுவனாக இருந்தபோது. ஹாங்காங் குங்ஃபூ படங்கள் பலவற்றின் நாயகனாக நமக்குத் தெரிந்த நிஜ ஆசான் இவர். 1847-இல் ஃபோஷான் பக்கம் பிறந்தவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்பா வோங் கெய்-யிங் 'கான்டனின் பத்துப் புலிகள்' என்று பெயர் வாங்கியவர்களில் ஒருவர். அவ்வளவு பெயர் இருந்தும் மகனைக் கூட்டிக்கொண்டு ஃபோஷான், குவாங்சோ தெருக்களில் குங்ஃபூ காட்டி மருந்து விற்றுத்தான் பிழைப்பு. பெயருக்கும் பணப்பைக்கும் அப்போதே சம்பந்தம் இல்லை.

அந்த நாட்களைப் பற்றி ஒரு கதை: லாம் ஃபுக்-சிங் என்ற இன்னொரு தெரு ஆட்டக்காரர் ஃபோஷானில் கயிற்றுக் குண்டு சுழற்றும்போது அது கைதவறிப் பார்வையாளர் ஒருவர் மேல் பட்டுவிட்டது. கூட்டம் சூழ்ந்துகொண்டது. அங்கிருந்த சிறுவன் ஃபெய்-ஹுங் அடிபட்டவருக்குத் தன் அப்பாவின் மருந்தைப் போட்டுக் குணப்படுத்தினான். நன்றிக்கடனாக லாம் அவனுக்குத் தன் குரு தித் கியூ சாமிடம் கற்ற 'இரும்புக் கம்பி' வரிசையையும் கயிற்றுக் குண்டையும் சொல்லிக்கொடுத்தார். போட்டிக்காரரின் விபத்தைத் தன் மருந்துக்கு விளம்பரமாக்கிக்கொண்ட பையன் என்றும் இதைப் படிக்கலாம்!

இந்தக் கதைகளில் பெரும்பாலானவை அவருடைய சீடரின் சீடர் ஒருவர் பின்னாளில் ஹாங்காங்கில் எழுதியவை. ஆகவே அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆனால் வாழ்க்கையின் பாதை தெளிவு: தெரு, பிறகு குவாங்சோவில் பள்ளி, பிறகு போ சீ லாம் என்ற மருந்தகம். அந்த மருந்தகம் 1924-இல் வணிகர் படைக்கும் அரசுக்கும் நடந்த மோதலில் எரிந்துபோனது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். 1949-இல் குவான் தக்-ஹிங் நடிப்பில் முதல் படம் வந்தபின் அவர் பெயர் உலகம் சுற்றியது. இன்று ஃபோஷானின் சூமியாவ் கோயில் வளாகத்தில் அவருக்கு நினைவகம் இருக்கிறது.

சிங்க நடனமும் கான்டனீஸ் ஆப்பராவும் மாய் மோவில் சேருமா?

சேராது. ஆப்பராக் குழுக்களுக்கு ஒப்பந்தம், உடை, மேடை உண்டு. செந்நிறப் படகுகளில் ஊர் ஊராகப் போனார்கள். மாய் மோக்காரனுக்கு இருப்பது தரை மட்டும். சிங்க நடனம் குங்ஃபூ பள்ளிகளின் வேலை. புத்தாண்டில் கடைவாசலில் கீரைக்கட்டோடு தொங்கவிட்ட பணத்தைச் சிங்கம் 'கடித்து' எடுக்கும். பணம் கைமாறுகிறது, சரிதான். ஆனால் அங்கே பள்ளி தன் கௌரவத்தைக் காட்டுகிறது, கடைக்காரர் மங்கலத்துக்குக் கொடுக்கிறார். கைநீட்டிக் கேட்பதில்லை.

பெண்களும் இருந்தார்களா?

குடும்பத் தொழில் என்பதால் மனைவி, மகள் எல்லோரும் வட்டத்துக்குள் இருந்தார்கள். தட்டேந்துவது மட்டுமில்லை, வாளும் சுற்றினார்கள். 'என்னைத் தோற்கடிப்பவனுக்குத்தான் மாலை' என்று பெண் தெருவில் சவால் விடும் காட்சி மட்டும் கதைகளுக்குச் சொந்தம். குழந்தைகளின் நிலைமை மோசம். மூங்கில் நுனியில் ஏறிய பிள்ளைகளில் பலர் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அல்லது சோற்றுக்காக ஒப்படைக்கப்பட்டவர்கள். பயிற்சி பிரம்போடுதான் நடந்தது.

அந்தத் தைலம் வேலை செய்யுமா?

தசைவலிக்கும் சின்னச் சுளுக்குக்கும் தேய்த்தால் இதமாக இருக்கும். அதில் பாதி, தேய்க்கும் கையின் வேலை. அரிசிச் சாராயத்தில் குந்திருக்கம், வெள்ளைப்போளம், குசும்பாப்பூ போன்றவற்றை மாதக்கணக்கில் ஊறவைப்பது வழக்கம். ஆசானுக்கு ஆசான் பக்குவம் மாறும், ரகசியமாகவும் இருக்கும். சில பக்குவங்களில் வச்சநாபி இனத்து வேரும் சேரும். அது கடும் விஷம். அதனால் குடிக்கவே கூடாது, புண்ணிலும் போடக்கூடாது. எலும்பு முறிவுக்கு ஆஸ்பத்திரிதான். பலம் தரும் உருண்டையைப் பற்றி என் கருத்து: அதைத் தின்று பலம் வந்தது விற்றவருக்கு மட்டும்.

சீனத்தில் 'நாய்த்தோல் பிளாஸ்திரி' என்பது ஏமாற்றுச் சரக்குக்கே பெயராகிவிட்டது. தெருவில் விற்றவர்கள் சம்பாதித்த பெயர் அது.

ஹாங்காங்கில் எங்கே ஆடினார்கள்?

இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று ஷெங் வான் பகுதியில் இருந்த தாய் தாத் தேய், 'பெரிய திறந்தவெளி'. 1841 ஜனவரி 26 அன்று பிரிட்டிஷ்காரர்கள் கொடியேற்றிய பொசெஷன் பாயிண்ட் அதுதான். பேரரசின் கொடி ஏறிய இடத்தைப் பின்னாளில் சோதிடர்களும் கதை சொல்பவர்களும் வித்தைக்காரர்களும் நிரப்பிக்கொண்டார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். இப்போது அங்கே ஹாலிவுட் சாலைப் பூங்கா இருக்கிறது. பிறகு கடலைத் தூர்த்த நிலத்தில், மக்காவ் படகுத்துறை அருகே, அதே பெயரில் இரவுச் சந்தை நடந்தது. 'ஏழைகளின் இரவு விடுதி' என்பது அதன் செல்லப்பெயர். 1990-களின் தொடக்கத்தில் அதுவும் மூடப்பட்டது.

இன்னொன்று கவுலூனில் யாவ் மா தேய் தின் ஹாவ் கோயில் முன்னே உள்ள யுங் ஷூ தாவ், ஆலமரத்தடி. டெம்பிள் தெரு இரவுச் சந்தை அதைச் சுற்றித்தான்.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் சொல்லும் 'கொயோக்' இதுதானா?

அதேதான். பிளாஸ்திரிக்கான சீனச் சொல் மலாயில் 'கொயோக்' ஆனது. சைனாடவுனிலும் பாசார் மாலாம் இரவுச் சந்தைகளிலும் நெஞ்சைத் தட்டி, கம்பியை வளைத்து, பிளாஸ்திரி விற்ற சீனர்களின் கூட்டத்தில் தமிழர்களும் மலாய்க்காரர்களும் நின்றார்கள். விற்பவர்களும் கலவை மொழியில் எல்லோருக்கும் பேசினார்கள். 'ஜுவல் கொயோக்', கொயோக் விற்கிறான் என்று மலாயில் சொன்னால் அளந்துவிடுகிறான் என்று அர்த்தம். அந்தப் பேச்சு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஏன் மறைந்துபோனது?

பலர் சினிமாவையும் டிவியையும் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணம்தான். தொழிலின் முதுகெலும்பு மருந்து என்று மேலே சொன்னேன். மருந்து விற்க முடியாமல் போனதும் தொழில் முடிந்தது. ஹாங்காங்கில் 1999-இல் சீன மருத்துவச் சட்டம் வந்தது. எலும்பு வைத்தியம் பார்ப்பவர் பதிவு செய்ய வேண்டும். தயாரித்து விற்கும் சீன மருந்துகளுக்கும் 2010 டிசம்பர் முதல் பதிவு கட்டாயம். பெட்டியிலிருந்து லேபிள் இல்லாத புட்டியை எடுத்து நீட்டும் காலம் அதற்கு முன்பே தேய்ந்திருந்தது. சட்டம் கதவைச் சாத்தியது.

அதற்கும் வெகு முன்பே போர்க்கலைக்கு வேறு வாழ்வு கிடைத்துவிட்டது. 1910-இல் ஷாங்காயில் தொடங்கிய ஜிங்வு சங்கம் கூடம், சீருடை, பாடத்திட்டம், பெண்களுக்கு வகுப்பு என்று குங்ஃபூவைப் படித்த நகரத்தாரின் விஷயமாக்கியது. அதன் குவாங்டுங் கிளை 1919-இல் தொடங்கியபோது வயதான வோங் ஃபெய்-ஹுங் மேடையேறிக் கயிற்றுக் குண்டு காட்டினார். சிறுவயதில் தெருவில் கற்ற அதே வித்தை, இந்தமுறை தட்டு சுற்றவில்லை. சீனப் பெருநிலத்தில் 1949-க்குப் பின் அலைந்து திரிந்த கலைஞர்கள் பலரை அரசு சர்க்கஸ் குழுக்கள் உள்ளிழுத்துக்கொண்டன. தேசியக் குழு 1950-இல் அமைந்தது.

இப்போது எங்காவது பார்க்க முடியுமா?

அசல் வடிவில், மருந்துப் பெட்டியோடு, பெரிய நகரங்களில் கிடைக்காது. ஃபோஷான் சூமியாவ் கோயிலில் சிங்க நடனமும் குங்ஃபூவும் சுற்றுலாக் காட்சியாக நடக்கின்றன. நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். ஹெபெய் மாகாணத்தின் வூச்சியாவ், தெரு வித்தைக்காரர்களின் ஊர் என்று பேர் பெற்றது. கல் உடைப்பதையும் கம்பு வித்தையையும் அங்கே பார்க்கலாம். டெம்பிள் தெருவுக்குப் போனால் பாட்டுக்காரர்களும் கைரேகைக்காரர்களும் இருப்பார்கள், சம்மட்டி இருக்காது. சீனத்துக் குறும்படச் செயலிகளில் நேரலையாகக் குங்ஃபூ காட்டி, பார்ப்பவர்கள் அனுப்பும் மின்பரிசுகளை வாங்கி, நடுவில் மூட்டுவலித் தைலமும் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பெரிய வித்தையைத் தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்தித்தான் தைலத்தை எடுக்கிறார்கள்.